கப்பலில் வராத பாட்டு

போன மாதம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டு டெலிபோனைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவாவை ஒட்டிய நசினுவில் எங்கள் தெருவிலேயே கம்பி போட்ட டெலிபோன் வைத்திருந்த கடைசி வீடு எங்களுடையதுதானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கொடுப்பதற்கு முன் ரிசீவரை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். அவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொருவரை முழங்கையால் இடித்தார். இடித்தால் இடிக்கட்டும். பழைய டெலிபோனுக்கு ஒரு வாசனை உண்டு. சூடான தூசி, எச்சில், முகப்பவுடர் எல்லாம் கலந்த வாசனை. எனக்கு அது என் இருபது வயதின் வாசனை.

நான் இதே தீவின் மேற்கே லோவு என்ற ஊரில் ஒரு கரும்புக்காரர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் முடிந்ததும் தலைநகர் சுவாவுக்கு வந்து, நசினுவில் சித்தி வீட்டில் தங்கி, ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பேச வேண்டுமென்றால் அப்போதெல்லாம் எங்களிடம்தான் வர வேண்டும். காதில் ஒரு கருவி, எதிரில் ஓட்டை ஓட்டையாக, கூப்பிட்டால் எரியும் குட்டி விளக்குகளோடு ஒரு பலகை, கையில் கயிறுகள். இந்த ஓட்டையில் செருகி அந்த ஓட்டையில் செருகினால் லவுடோகாவில் இருக்கும் மாமியார் சுவாவில் இருக்கும் மருமகளைத் திட்டலாம். நாங்கள் கேட்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை நாங்கள் எந்த அளவுக்கு மதித்தோம் என்று கேட்காதீர்கள்.

அங்கே எங்கள் சூப்பர்வைசர் அமிர்தம் அக்கா. கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கொண்டையுமாக இருப்பாள். கொண்டை கலையக்கூடாது என்பதற்காகக் காதுக்கருவியை ஒரு பக்கம்தான் மாட்டுவாள். தன் குரல் எப்படிப்பட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் "ஒன் மொமென்ட் ப்ளீஸ்" என்று சொன்னால் கத்திக்கொண்டிருந்த ஆள்கூட அடங்கிவிடுவான். அடக்கமான பெண் என்று ஊரில் யாரும் அவளைச் சொன்னதில்லை. சொன்னால் அவளுக்கே கோபம் வந்திருக்கும்.

அவள் சின்ன வயதில் இந்தியாவிலிருந்து ஒரு சங்கீத வாத்தியார் வந்து கொஞ்ச காலம் சுவாவில் இருந்தாராம். அவளுடைய அப்பா அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹார்மோனியமும் சில கீர்த்தனைகளும் கைவந்ததும், கல்யாணத்துக்கு இவ்வளவு போதும் என்று வாத்தியாரும் அப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். அக்காவுக்குத்தான் போதவில்லை. அவளாகவே பாட்டுக் கட்ட ஆரம்பித்தாள். வீட்டில் மூன்று பிள்ளைகளும் புருஷனும் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து கட்டுவது? எக்ஸ்சேஞ்சில்தான். மத்தியானம் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கிற நேரத்தில் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அப்போது அக்கா பலகையைப் பார்த்தபடியே மெல்ல முனகுவாள். புன்னாகவராளி மாதிரி தொடங்கும், அப்புறம் அவள் இஷ்டத்துக்குப் போகும். நான் பென்சிலால் மேசை ஓரத்தில் தாளம் போட வேண்டும்.

"ஏ பொண்ணு, தாளத்த எங்க கொண்டு போற? இங்க வா," என்பாள்.

எனக்குத் தாளம் என்பது நசினு பஸ் மாதிரி. வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் அவள் ஒரு லைனை மூட மறந்து முனகிக்கொண்டிருந்துவிட்டாள். சர்க்கரை ஆலையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார். முடிந்ததும், அவசரமில்லை, இன்னொரு தடவை பாட முடியுமா என்று கேட்டார். அக்கா பாடினாள். சூப்பர்வைசரே விதியை மீறினால் யார் போய் யாரிடம் சொல்வது?

அவள் கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது மாரியம்மன் மேல் கட்டிய ஒரு பாட்டு.

"கடலேழும் தாண்டி வந்தும் காலு நனையாத தாயே,
கரும்புக்காட்டு வெயிலுக்குள்ளே குடையாக நின்ற நீயே"

என்று தொடங்கும். அதற்கடுத்து "கம்பியிலே குரலப் போலக் கணத்தில் வந்து நிப்பவளே" என்று ஒரு வரி. அது எந்தக் கம்பி என்று எனக்கும் எங்களோடு வேலை செய்த மேரேவுக்கும் நன்றாகத் தெரியும். அந்த வரி பிறந்தபோது நாங்கள் இருவரும் அக்காவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கயிறு செருகிக்கொண்டிருந்தோம்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் பஜனை கோஷ்டி வாரம் ஒருமுறை குப்புசாமி அண்ணன் வீட்டு ஷெட்டில் கூடும். அவர் தச்சு வேலை செய்கிறவர், கோஷ்டிக்கு வாத்தியாரும் அவர்தான். ஆண்கள் முன்னால் பாயில் உட்கார்ந்து ஹார்மோனியம், டோலக், தாளம் என்று வைத்துக்கொண்டு, நடுநடுவே தானோவா என்ற மரச்சட்டியிலிருந்து யாங்கோனா வேர்ச்சாறு மொண்டு குடிப்பார்கள். பெண்கள் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுவோம், பாயசம் கொதித்துவிட்டதா என்று எழுந்து போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாத்தியார் அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். இது ஆற்காட்டிலிருந்து இன்னார் கொண்டுவந்த பாட்டு, இது செங்கல்பட்டிலிருந்து இன்னார் கொண்டுவந்த பாட்டு, எங்கள் பாட்டன்மார் கரும்புக்காட்டுக்குக் கூலிகளாக ஏறி வந்த கப்பல்களில் இன்ன கப்பலில் வந்தது என்று. தீமிதித் திருவிழாவில் மைக்கில் அதைச் சொல்லும்போது அந்தக் குடும்பத்தார் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் ஆட்களுக்கு நிலம் குத்தகைக்கு வந்தது, வீடு அந்தக் குத்தகை நிலத்தில் நின்றது. பாட்டன் கொண்டுவந்த பாட்டு ஒன்றுதான் யாரும் திருப்பிக் கேட்காத சொத்து. கப்பலில் வராத பாட்டு அம்மனுக்கு ஆகாது என்பது கோயில் பெரியவர்கள் தீர்மானம். அந்தக் கப்பல்களில் பெண்களும்தான் வந்தார்கள். ஆனால் ஒரு பெண் ஒரு பாட்டைக் கொண்டுவந்தாள் என்று மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா இந்தப் பாட்டைக் குப்புசாமி அண்ணனிடம் முதலில் பாடிக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்.

"நல்லாக்கீது தங்கச்சி. யாரு கொண்டாந்தது?"

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு தாத்தா. வீராசாமி தாத்தா."

நான் பின்னால் உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அப்புறம் அக்கா எது கட்டினாலும் அது வீராசாமி தாத்தா கொண்டுவந்ததாகிவிட்டது. சில வருஷத்தில் சுவாவிலேயே அதிகமான பாட்டுகளோடு கப்பல் ஏறிய மனிதர் அவர்தான் என்று பெயராகிவிட்டது. அவருடைய பேரன்மார்கள் அவர் படத்தைப் பெரிதாக்கி மாட்டி மாலை போட்டார்கள். கம்பியில் வரும் குரல் அந்தக் காலத்துப் பாட்டில் எப்படி வந்தது என்று யாரோ கேட்டதற்கு, ஆலையில் அப்போதே தந்திக்கம்பி இருந்தது என்று குப்புசாமி அண்ணனே விளக்கம் சொன்னார். அக்கா அதைக் கேட்டுவிட்டு மறுநாள் எக்ஸ்சேஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்காதவள் மேரே. மேரே இந்தத் தீவின் பூர்வகுடிப் பெண், பெரிய உருவம், மென்மையான பேச்சு, சர்ச்சில் பாடுகிறவள். நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது எங்கள் ஊர் ஹிந்தியில். தமிழில் சொல்கிறேன்.

"அது நீ பண்ணின பாட்டு இல்லையா? நான்தானே பக்கத்தில் இருந்தேன்," என்று கேட்டாள்.

"ஆமாம். ஆனால் அப்படிச் சொன்னால் பாட மாட்டார்கள்."

மேரேவுக்கு அது விளங்கவே இல்லை. அவளுடைய கிராமத்தில் அத்தை ஒருத்தி ஆட்டத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவளாம். அப்படிப்பட்டவரை அவர்கள் தௌனிவுது என்பார்கள். வேறு கிராமத்துக்காரர்கள் பாட்டுக் கேட்டு அவளிடம் பாயும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து உட்காருவார்களாம். அவள் பெயரைச் சொல்லாமல் பாடினால் சண்டை வந்துவிடுமாம். "இசா, அமிர்தம்," என்றாள் மேரே. பாவம் என்று அர்த்தம். அக்காவை அதற்கு முன் யாரும் பாவம் என்று சொன்னதில்லை. அன்று முழுக்க அவள் முனகவே இல்லை.

நான் இப்போது வயதான காலத்தில் சென்னையிலிருந்து தருவித்த பழைய பத்திரிகைகளை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் நாலு வருஷம் படித்த தமிழை மறக்காமல் வைத்திருப்பது அவைதான். கீர்த்தனைகளைப் பற்றி எழுதுகிறார்கள். கடைசி அடியில் கட்டியவர் தன் முத்திரையை வைப்பார் என்கிறார்கள். அந்த முத்திரைகளில் பெண் யாராவது இருக்கிறாளா என்று விரலை வைத்துத் தேடுவேன். எப்போதாவது ஒருத்தி தட்டுப்படுகிறாள். மற்றவர்கள் என்ன, ஊமைகளாகவா இருந்தார்கள்? அடுப்படியில் கட்டி, சாமி பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவாவது ஒரு செத்த கிழவர் பெயரை வைத்தாள்.

பிறகு எண்பத்தேழில் அந்தக் கலகம் வந்தது, எங்கள் ஆட்கள் அதிகமிருந்த அரசாங்கத்தை மேரேவின் ஆட்கள் நிறைந்த பட்டாளம் கவிழ்த்தது. பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு போய்விட்டார்கள் என்ற செய்தி எங்களுக்கு ரேடியோவில் வரவில்லை, பலகையில் வந்தது. எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஊரில் இருந்த அத்தனை பேரும் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் பேச வேண்டுமென்றார்கள். வாசலில் சிப்பாய்கள் வந்து நின்றார்கள். அதில் ஒருவன் மேரேவின் ஒன்றுவிட்ட தம்பி. அவன் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேரே அழுதுகொண்டே கயிறு செருகினாள். அக்கா மட்டும் எப்போதும் போல "ஒன் மொமென்ட் ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயந்து கூப்பிட்ட எத்தனையோ பேருக்கு அன்று அந்தக் குரல் தெம்பாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஊரில் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். எந்த நாடு, எப்போது, யாருடைய அண்ணன் அங்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால் பஜனை சனிக்கிழமைக்கு மாறியது. வாரா வாரம் பாயில் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. டோலக் வாசித்தவர் வான்கூவருக்குப் போனார். நன்றாகப் பாயசம் வைக்கிறவள் ப்ரிஸ்பேனுக்குப் போனாள். அக்காவின் புருஷனுக்கு அலுவலகத்தில் மனசு விட்டுப்போயிற்று. மெல்போர்னில் அவர் தம்பி இருந்தார். அடுத்த தீமிதி முடிந்ததும் கிளம்புவதாக முடிவு செய்தார்கள்.

அக்கா இதைச் சொன்னது பஸ்ஸில். நல்ல மழை. ஜன்னல் தார்ப்பாயை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தத் தடவ மைக்குல என் பேரச் சொல்லப் போறேன்," என்றாள். "அமிர்தம் கட்டின பாட்டுன்னு. ஒரே ஒரு தடவ கேக்கணும். பேராசையா அது?"

"ஆசதான் அக்கா," என்றேன்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் என் குரல் தெரியும். ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. டூட்டில பேரு சொல்லக்கூடாது, கோயில்லயும் சொல்லக்கூடாது. வேற எங்கதான் சொல்றது?"

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை குப்புசாமி அண்ணனிடம் சொன்னாள். அவர் ஹார்மோனியத்தை மூடி அதன் மேல் கையை வைத்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. வீராசாமி தாத்தாவுக்குப் பாட்டுன்னாலே ஆவாதுன்னு எங்கப்பா சொல்லிக்கீறாரு. பஜன ஆரம்பிச்சா மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து பூடுவாராம்."

"தெரிஞ்சிகினா சும்மா இருந்தீங்க?"

"பாட்டு நல்லா இருந்துது, சும்மா இருந்தேன். இப்ப நீ சொன்னியானா பெரியவங்க உன் பாட்டு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. நீ மெல்போர்ன் போய்ச் சேந்துடுவ. அந்தப் பாட்டெல்லாம் இல்லாம நாங்க இங்க இன்னாத்தப் பாடறது?"

நியாயமான கேள்விதான். பெயரைச் சொன்னால் பாட்டு போகும், பாட்டு இருக்க வேண்டுமென்றால் பெயர் போக வேண்டும். அக்கா எழுந்து பாயசத்தைப் பார்க்கப் போனாள். அவள் பாயசத்தைப் பார்க்கப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

தீமிதியன்று வெயில் அடித்தது. சுவாவில் அது ஓர் அதிசயம். கோயில் முற்றத்தில் குண்டம் தணல் பிடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் முன்னைவிடக் குறைவு, ஆனாலும் பந்தல் நிறைந்திருந்தது. எங்கள் முறை வந்தது. குப்புசாமி அண்ணன் மைக்கைப் பிடித்து வந்த வழியைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து நேரே போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பாட்டு கப்பல்ல வரல. வீராசாமி தாத்தா கொண்டாரல. நான் கட்டினது. என் பேரு அமிர்தம்."

ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது. முன்வரிசையில் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாராவது எழுந்து திட்டப் போகிறார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். எழுந்தது சின்னத்தம்பி தாத்தா. நசோரியிலிருந்து வருஷம் தவறாமல் வருகிற மனிதர், எண்பதைத் தாண்டியவர். தடியை ஊன்றி நின்று அக்காவைப் பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"அம்மாடி, நீ இன்னாத்துக்குப் பொய் சொல்ற? இது எங்கம்மா பாடின பாட்டாச்சே. நான் சின்னப்புள்ள. கரும்பு வெட்டிக்கினே பாடுவா. எனக்கு நெனப்புக்கீது."

சொல்லிவிட்டு அவரே பாட ஆரம்பித்தார். பல்லில்லாத வாயோடு, சுருதி இல்லாமல், முழுசாக. எங்கள் கோஷ்டி பாடக் கேட்டுக் கேட்டு மனசில் பதிந்திருக்கும், வேறென்ன? கம்பியிலே குரலப் போல என்ற வரிக்கு வந்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு கிழவர் ஆமாம் ஆமாம், எங்க ஆத்தாளும் பாடுவா என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், நானும் கேட்டிருக்கிறேன் என்றது. எக்ஸ்சேஞ்சில் ரொட்டிப் பொட்டலத்தின் மேல் பிறந்த பாட்டு, கண்ணெதிரே கரும்புக்காட்டுக்கும் கப்பலுக்கும் போய்க்கொண்டிருந்தது. பந்தலில் உண்மை தெரிந்த ஆட்களாக, அக்காவை விட்டால், நான் ஒருத்தி, குப்புசாமி அண்ணன், என்னோடு திருவிழாப் பார்க்க வந்திருந்த மேரே, இவ்வளவுதான் இருந்தோம்.

நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, அதை மறைக்கத் தெரிந்தவளல்ல அவள். மைக்கை இறுக்கிப் பிடித்தபடி கிழவர் பாடி முடிக்கும்வரை நின்றாள். நீங்கள் கேட்டது என் பாட்டைத்தான், உங்கள் அம்மா பாடியது வேறு என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கிழவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து போயிருப்பார். அவள் முகம் மெல்ல மாறியது. குனிந்து, கூப்பிட்டவரிடம் நம்பர் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"உங்க அம்மா பேரு இன்னா தாத்தா?"

"அங்கம்மா."

அக்கா மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இது அங்கம்மா கொண்டாந்த பாட்டு," என்றாள்.

அப்புறம் பாடினாள். அவள் அப்படிப் பாடி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் பெயர் அந்த மைக்கில் பாட்டுக்காரி என்ற இடத்தில் வந்தது அன்றுதான். பெரியவர்கள் வாயே திறக்கவில்லை. சின்னத்தம்பி தாத்தாவின் தாயாரை யார் கப்பலில் வரவில்லை என்று சொல்வது? எனக்கு அக்காவின் மேல் ஆத்திரமும் வந்தது, பெருமையும் வந்தது. தாளத்தை வழக்கம்போலத் தவறவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஷெட்டில் வேடிக்கை. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குப்புசாமி அண்ணனிடம் வந்து நின்றார்கள். எங்க வீட்டுப் பாட்டும் அப்பாவழி இல்லீங்க அண்ணே, அம்மாவழி. எங்க ஆத்தா பேரப் போடுங்க. பேரு இன்னா என்றால் சிலருக்குத் தெரியவில்லை. ஆத்தா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் அண்ணன் தம்பிகளைக் கேட்டு, லவுடோகாவுக்கும் பா என்ற ஊருக்கும் ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுப் பெயர் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இணைத்த கால்களில் பாதி, செத்துப்போன பெண்களின் பெயர் என்ன என்று கேட்கிற கால்தான். அக்கா ஒவ்வொன்றையும் ஒட்டுக்கேட்டாள். "இவ பேரு பச்சையம்மாளாம்," என்று எங்களிடம் திரும்பிச் சொல்வாள், ஏதோ தனக்குச் சொந்தக்காரி பிறந்த மாதிரி.

அவள் வேலையை விட்ட நாளில் மேரே ஒரு பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கம்பளி நூல் வைத்துப் பின்னிய பெரிய பாய். எக்ஸ்சேஞ்சின் நடுவில் தரையில் உட்கார்ந்து, பாயை அக்காவுக்கு முன்னால் நகர்த்தி வைத்து, அவர்கள் வழக்கப்படி கையை மெல்லத் தட்டினாள். "பாட்டுக் கட்டுகிறவருக்கு நாங்கள் கொடுப்பது," என்றாள். அக்காவும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி போட்ட புடவை கசங்கியதைக் கவனிக்கவே இல்லை. கலகத்தன்று அழாதவள் அன்று அழுதாள். பலகையில் விளக்குகள் தம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. கூப்பிட்டவர்கள் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் வருஷங்கள் போயின. எக்ஸ்சேஞ்சுக்கு இயந்திரம் வந்தது, கயிறுகளும் ஆபரேட்டர்களும் போனோம். எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் லாமியில் ஒரு பெயின்ட் ஆலையில் வேலை பார்த்தார். இரண்டாயிரத்தில் மறுபடி கலகம் வந்தபோது குப்புசாமி அண்ணனை அவர் மகன் ஆக்லாந்துக்கு அழைத்துப்போனான். எங்களுக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. தியாகம் ஒன்றுமில்லை, எனக்கு இந்த மழையும் இந்த மார்க்கெட்டும் பழகிவிட்டன, குளிர் ஆகாது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். மேரே ஓய்வு பெற்றுத் தன் கிராமத்துக்குப் போனாள். நகரத்துக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பிடுவாள். அக்கா மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம். செல்போனில் நான் கத்திப் பேச வேண்டும். அவள் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆண்கள் எல்லோரும் போய்விட்டதால் கோஷ்டியில் இப்போது நாங்கள்தான் முன்வரிசை. ஹார்மோனியம் வாசிப்பவள் ஷிவானி என்ற பெண், வங்கியில் வேலை. பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். அர்த்தம் கேட்டால் நான் ஹிந்தியில் சொல்ல வேண்டும். குரல் நல்ல குரல். மைக் பிடித்து வந்த வழி சொல்வது என் வேலை. அங்கம்மாவின் பாட்டை அங்கம்மாவின் பாட்டாகவே சொல்லி வருகிறேன், அது அக்கா கொடுத்தது, அதைத் திருப்பி வாங்க நான் யார்? ஆனால் வீராசாமி தாத்தா தலையில் கட்டிய மற்றப் பாட்டுகள் இருக்கின்றனவே.

இந்தத் தீமிதிக்கு முன்னால் அக்காவிடம் கேட்டேன். "உங்க பேரச் சொல்லட்டுமா அக்கா?"

"சொல்லேன்," என்றாள். "இப்ப யாரு தடுக்கப் போறாங்க?"

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, இது அமிர்தம் அக்கா கட்டின பாட்டு என்று சொன்னேன். சொல்லிவிட்டு உடனே உட்காரவில்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒருவர் தடியை ஊன்றி எழுந்து, நீ இன்னாத்துக்குப் பொய் சொல்ற, இது எங்கம்மா பாட்டு என்று சண்டைக்கு வரமாட்டாரா என்று இருந்தது. அந்த வரிசையில் உட்கார வேண்டியவர்கள் ஆக்லாந்திலும் வான்கூவரிலும் ப்ரிஸ்பேனிலும் இருக்கிறார்கள், மீதிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஷிவானி ஹார்மோனியத்தில் சுருதியைப் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்தாள். வழக்கம் தெரிந்த பெண் அல்லவா, விட்டுப்போனதை ஹிந்தியில் கேட்டாள்.

"ஆன்டி, கப்பல் பேரு சொல்லலியே. அவங்க எந்தக் கப்பல்ல வந்தாங்க?"

"அவங்க கப்பல்ல வரலம்மா," என்றேன். "பிளேன்ல போனாங்க."